நலமாக வளர்கிறது

பெருமாநல்லூர்,
12 ஏப்ரல் 2024

அன்புள்ள அன்புசெல்விக்கு,

நான், த. டேனியல், பெருமாநல்லூரில் இயங்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தரம் மற்றும் விதிமுறைப் பிரிவின் தலைவர், உன் கணவன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: வரும் ஆர்டரின் சட்டைகளில் தொங்கவிடப்படும் அட்டையின் வாசகத்திற்கு உன் எழுத்துபூர்வமான இசைவை இம்மாத இறுதிக்குள் பெறுவது.

போனில் பேசுவதில்லை, எழுதுவது என்று பிப்ரவரியில் நாம் செய்துகொண்ட ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். தூத்துக்குடியில் உன் பணிக்காலத்தை மேலும் நீட்டித்துக்கொண்டதாக நீ சொன்னாய்; “நீ இல்லாவிட்டால் கடல் வற்றிவிடாது” என்று நான் சொன்னேன்; நீ இணைப்பைத் துண்டித்தாய். கடிதத்தில் ஒருவர் தம் வாக்கியத்தை முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிட இயலாது. அந்த அளவில் இந்த ஏற்பாடு நல்லதே.

அட்டையின் வாசகம் உனக்குத் தெரிந்ததுதான்: “இந்தச் சட்டைக்காக மன்னார் வளைகுடாவில் ஒரு பவளம் நடப்பட்டு, நலமாக வளர்கிறது. கண்காணிப்பவர்: அன்புசெல்வி, கடல் உயிரியலாளர்.” நிறுவனத்தின் செலவில் சிமெண்ட் சட்டங்களில் நீங்கள் நட்ட பவளங்களைப் பற்றி ஜனவரியில் நீ அனுப்பிய அறிக்கையிலிருந்துதான் ‘நலமாக வளர்கிறது’ என்ற சொற்களை எடுத்தோம். சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்டார். அட்டையின் மாதிரி கையெழுத்தாகி, சீல் வைக்கப்பட்டு, என் அலமாரியில் இருக்கிறது. எங்கள் தொழிலில் சீல் ஆன சாம்பிளே சட்டம். அதன்பின் வெளியேறும் ஒவ்வொரு பீஸும் அதனோடு ஒத்திருந்தால் போதும். வேறு கேள்வி இல்லை. ஆகவே உன் இசைவு ஒரு சம்பிரதாயம்தான். ஆயினும் சம்பிரதாயங்களை நான் விடுவதில்லை.

உன் பெயரை அட்டையில் சேர்க்கச் சொன்னது நான்தான் என்பதை இங்கே குறிப்பிடுவதில் தவறில்லை. பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மாரக்காள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க சார், அம்மிணி பேரு சீமைக்கே போகுதுங்களே! உங்க பேரப் போடோணும்னா எங்கீங்க போடறது, தொவைக்கற லேபிள்லயா?” என்று கேட்டார். மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அனுமதிக்கத்தக்க அளவில் நானும் சிரித்தேன்.

ஈஸ்டர் ஆராதனைக்கு நீ வரவில்லை. போதகர் விசாரித்தார். வேலை என்றேன், அது பொய்யன்று. வெயில் இம்முறை முன்கூட்டியே வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
த. டேனியல்

*

தூத்துக்குடி,
19 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் வாசலில் ஏதோ அதிகாரி நிற்கிறார் என்று எழுந்துவிட்டேன். பிறகுதான் ‘உன் கணவன்’ என்பது கண்ணில் பட்டது. காற்புள்ளிக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார், பாவம்.

சாப்பாடெல்லாம் நேரத்துக்கு ஆகிறதா? ஆகும். நீங்கள் நேரத்தைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

இசைவைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது தர முடியாது. காரணத்தைப் பொறுமையாகப் படியுங்கள்.

நான் உடுமலையில் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவள். தண்ணீரில் குதித்தால் முதலில் உடம்பு சிலிர்க்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். இப்போது இங்கே தீவுக்கு அருகே கடலில் இறங்கினால் சிலிர்ப்பே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தண்ணீருக்குள் இறங்குவது போல இருக்கிறது. வழக்கமாக மே மாதத்தில் காணும் சூட்டை இந்த ஆண்டு ஏப்ரலிலேயே கடல் தாண்டிவிட்டது, இறங்கவும் மாட்டேன் என்கிறது.

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. உயிருள்ள பிராணி. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் அந்தப் பாசி சமைக்கிற உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. அதன் நிறமும் பாசியால் வந்ததே. கடல் வாரக்கணக்காகச் சூடாக இருந்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய், உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. எங்கள் படகில் துணைக்கு வரும் செல்லத்தாய் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “யக்கா, என்ன இது, ராத்திரியோட ராத்திரியா எவனோ வந்து வெள்ளை அடிச்சிட்டுப் போயிருக்கான்!” என்றாள். அப்படித்தான் இருக்கிறது. நம் சட்டங்களில் நட்டவையும் ஓரங்களில் வெளிறத் தொடங்கிவிட்டன.

இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கின்றன. கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. பட்டினி கிடப்பவரைப் பார்த்து ‘நலமாக வளர்கிறார்’ என்று எழுதுவீர்களா? அட்டையை இப்போது அச்சடிக்காதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பாருங்களேன். மூன்று வருடமாகக் கூப்பிடுகிறேன். உங்கள் கண்டெய்னர்கள் வாராவாரம் இந்த ஊருக்கு வருகின்றன. நீங்கள்தான் வருவதில்லை.

அன்புடன்,
அன்பு

*

பெருமாநல்லூர்,
29 ஏப்ரல் 2024

அன்புள்ள அன்புசெல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதை வரி வரியாகப் பரிசீலித்தேன். பின்வரும் முடிவுக்கு வந்திருக்கிறேன்.

வெளிறிய பவளம் இறந்த பவளம் அன்று என்று நீயே எழுதியிருக்கிறாய். நிறுவனத்திற்கும் உன் ஆய்வு நிலையத்திற்கும் இடையிலான ஒப்பந்தத்தில், தசையின் பாதிக்கு மேல் உயிருடன் இருக்கும் பவளம் ‘வாழும் பவளம்’ என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரையறையில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாசகம் ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் ஏற்படும் பருவ மாறுதல்கள் ஒப்புதலைப் பாதிக்கும் என்று எங்கும் கூறப்படவில்லை. ஆகவே விதிப்படி வாசகம் செல்லும்.

உன் தயக்கத்தை முதலாளி மோகன்ராஜிடம் மறைக்காமல் எடுத்துச் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க டேனியல், வெளுத்துப் போச்சுன்னா அம்மிணி எதுக்குங்க வெசனப்படறாங்க? நாமெல்லாம் துணிய வெளுக்கறதுக்கு வீரபாண்டிக்கு வண்டி வண்டியா அனுப்பிட்டுக் கெடக்கறோம். கடல் சும்மாவே வெளுத்துக் குடுக்குது!” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இம்முறை நான் சிரிக்கவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை.

அட்டைகள் அச்சுக்குப் போய்விட்டன. உன் மனச்சான்றின் பொருட்டு நான் ஒன்று செய்ய முடியும்: ‘பருவநிலைக்கு உட்பட்டது’ என்ற குறிப்பை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், அடியில், சிறிய எழுத்தில் சேர்க்கலாம். இதற்கு உன் கருத்தைத் தெரிவி.

அங்கே வந்து பார்க்கும்படி எழுதியிருந்தாய். மே மாதம் முழுவதும் பையரின் தணிக்கை. அதன்பின் பார்க்கலாம். நான் வந்து பார்ப்பதால் கடலின் வெப்பம் குறையும் என்றும் தோன்றவில்லை. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அடித்தல் திருத்தல் உள்ள கடிதத்தை நான் அனுப்புவதில்லை, எனவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
த. டேனியல்

*

தூத்துக்குடி,
15 மே 2024

மாமாவுக்கு,

கடல் குளிரவில்லை.

வெளிறியவற்றில் சில இறந்துவிட்டன. பிழைத்துக் கிடப்பவற்றை இப்போது நோய் பிடித்திருக்கிறது. சூட்டில் வாடிய பவளத்துக்கு எதிர்க்கும் சக்தி இல்லை. ஆனால் நோய்க்கிருமிகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் தோதாக இருக்கிறது. பவளத்தின் மேல் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கரும்பட்டை தோன்றுகிறது. அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகர்கிறது. அதற்கு முன்னால் தசை, பின்னால் வெறும் எலும்பு. நேற்றுப் பார்த்த இடத்தை இன்று தேடினால் பட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதைப் பார்க்கும்போது தண்ணீருக்குள்ளேயே எனக்கு மூச்சு வேகமாகிவிடுகிறது.

அது போதாதென்று ஒரு கடற்பஞ்சு வந்திருக்கிறது. கருஞ்சாம்பல் நிறம், தாள் கனம்தான் இருக்கும். கிழக்கே எங்கோ தொலைவில் உள்ள கடல்களில் முதலில் கண்டறியப்பட்ட இனம். கப்பலின் அடியில் ஒட்டி வந்ததா, நீரோட்டத்தோடு வந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. உயிருள்ள பவளத்தின் மேலேயே போர்வை போலப் படர்ந்து மூடிவிடும். கடல் ஆரோக்கியமாக இருந்தால் பவளமும் எதிர்த்து நிற்கும். இப்போது காலி மனை போலக் கிடக்கிறது. வந்தவர்கள் வேலி போடுகிறார்கள். நம் சட்டங்களில் பாதிக்கு மேல் அந்தக் கறுப்புப் போர்வைதான். வெளிச்சம் இல்லாமல் அது வாடும் என்பதால் தடித்த கறுப்பு விரிப்பால் மூடிப் பார்க்கிறோம். “அழையா விருந்தாளி வந்தா சோத்தப் போட்டு அனுப்பலாம்க்கா, இவம் வீட்டயே தின்னுதானே!” என்று செல்லத்தாய் திட்டிக்கொண்டே விரிப்பின் மேல் கல் ஏற்றுகிறாள்.

இதுதான் இன்றைய நிலை. உங்கள் ஒப்பந்தத்தின் வரையறைப்படியே பார்த்தாலும் பெரும்பாலானவை வாழும் பவளம் இல்லை. அறிக்கையை நிறுவனத்துக்கு முறைப்படி அனுப்பிவிட்டேன். உங்களுக்கு அனுப்புவது இந்தக் கடிதம்.

சீல் வைத்த சாம்பிள் என்கிறீர்கள். ஜனவரியில் நான் பார்த்தது ஜனவரிக் கடல். அதை அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது, மாமா. நம் கல்யாணத்தையும் அப்படித்தான் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று சில நேரம் தோன்றுகிறது. அன்றைக்குச் சரியாக இருந்தது, ஒப்புதல் ஆயிற்று. அதனால் இன்றைக்கும் சரி. நடுவில் ஒருநாளாவது வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இவள் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் பார்த்திருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அட்டை என் பெயரோடு வெளியே போகக் கூடாது. இங்கே என்னிடம் இருப்பது என் சொல் மட்டும்தான். கடல் வெந்துகொண்டிருக்கிறது என்று நாளைக்கு நான் எங்கேயாவது எழுந்து பேசினால், ‘நலமாக வளர்கிறது’ என்று ஆயிரமாயிரம் சட்டைகளில் எழுதியவள்தானே இவள் என்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த அட்டை போய்விட்டால், உங்களுக்கு எழுத என்னிடம் எதுவும் இருக்காது. மிரட்டல் இல்லை. உண்மையிலேயே இருக்காது.

அன்பு

*

பெருமாநல்லூர்,
25 மே 2024

அன்புள்ள அன்புசெல்விக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்த அன்று பெட்டிகள் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தன. உன் அறிக்கையை நிறுவனம் பெற்றுக்கொண்டது; அது ‘அடுத்த ஆர்டருக்குப் பரிசீலிக்கப்படும்’ என்று முதலாளி குறிப்பெழுதினார். நடப்பு ஆர்டருக்கு ஜனவரி ஒப்புதலே செல்லுபடியாகும். அந்த அடிப்படையில் வாசகத்திற்கான உறுதிமொழிப் படிவத்தில் நான் கையொப்பமிட்டேன். சரக்கு நேற்று லாரியில் தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிட்டது.

விதியை மீறியதாக என் மீது எவரும் குற்றம் சுமத்த முடியாது. இதை உனக்கு விளக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

விளக்கம் மேலே உள்ளது. திரும்பப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நாளாக மேசையில் உட்கார முடியவில்லை. பிரிவு பிரிவாக நடந்துகொண்டிருக்கிறேன். கட்டிங்கில் போய் நிற்கிறேன், ஏன் வந்தேன் என்று நினைவில்லை. “சார், எதாச்சும் தொலைச்சுட்டீங்களா?” என்று மாரக்காள் கேட்டார்.

பதில் எழுது.

த. டேனியல்

*

பெருமாநல்லூர்,
5 ஜூன் 2024

அன்பு,

நீ பதில் எழுதவில்லை. சொன்னபடி செய்திருக்கிறாய். இக்கடிதத்தைப் படிப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் நடந்ததை உன்னிடம் முறையாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை, வேறொரு ஆர்டரின் பெட்டி ஒன்றைத் திறந்தபோது உள்ளே கழுத்துப் பட்டி கோணலான சட்டைகள் இருந்தன. ஒன்றல்ல, பெட்டி முழுவதும். அந்தப் பெட்டியின் மேல் ‘பாஸ்’ என்று கையொப்பமிட்டவள் நித்யஸ்ரீ. இறுதிப் பரிசோதனைக்கு வந்து ஓராண்டாகும் பெண், கெட்டிக்காரி. அவளை அழைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டேன்.

“இல்லீங்க சார்.”

“பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய்?”

“சாம்பிள் ஓகே ஆனதுதானுங்க சார்? அதே துணி, அதே மிஷின், அதே டெய்லருங்க. போன மாசம் நல்லா இருந்தது இந்த மாசம் எப்படிங்க சார் மாறும்?”

“மாறியிருக்கிறதே!”

“அது எனக்கு எப்படிங்க சார் தெரியும்? நான்தான் தொறக்கவே இல்லீங்களே!”

அவள் குறும்புக்குச் சொல்லவில்லை. அழுகிற நிலையில்தான் இருந்தாள். ஆனால் பக்கத்தில் அயர்ன் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “சபாஷ்டி, வக்கீலுக்குப் போயிருக்கோணும் நீயி” என்றார் மாரக்காள். அங்கே சிரிக்காமல் நின்றவர்கள் நானும் நித்யஸ்ரீயும் மட்டுமே.

என் அறைக்குத் திரும்பி அவளுக்கு விளக்கம் கேட்கும் மெமோவை எழுதத் தொடங்கினேன். ‘தாம் நேரில் காணாத பொருளுக்கு, முந்தைய ஒப்புதலை மட்டுமே நம்பிச் சான்று அளித்தமை’ என்று குற்றத்தை வரையறுத்தேன். இந்த வாக்கியத்தை எழுதி முடித்தபின் அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. நித்யஸ்ரீயிடமாவது தன் பெட்டி கெட்டிருக்கிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு நீ சொன்னாய். எழுத்தில், பெயரிட்டு, தேதியிட்டுச் சொன்னாய். அதன்பிறகும் நான் பாஸ் போட்டேன்.

ஒரே குற்றத்திற்கு ஒருவருக்கு மெமோவும் மற்றவருக்கு நாற்காலியும் என்பது முறையன்று. எனவே அவளுக்கு ஒன்றும், எனக்கு ஒன்றுமாக இரண்டு எழுதினேன். இரண்டையும் முதலாளியிடம் கொடுத்தேன். கூடவே உறுதிமொழிப் படிவத்திலிருந்து என் கையொப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் வைத்து, அதன் நகலைப் பையருக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். கையொப்பம் இல்லாத வாசகத்தோடு சரக்கைக் கப்பலேற்ற முடியாது. அந்த விதியை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்ததும் நானே.

மோகன்ராஜ் மூன்று தாள்களையும் படித்தார். அவர் கெட்டவர் அல்லர். பவளச் சட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தவரும் அவர்தான். பிறகு, “என்ர கட்டடத்துல உக்காந்துட்டு என்ர கையவே கட்டிப் போட்டுட்டீங்களே டேனியல்” என்றார். “உங்களுக்கு என்னாச்சுங்க? அம்மிணி கோவிச்சுக்கிட்டாங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

“அதுக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்திருக்கலாமுங்களே!”

“அவங்க சொன்னது சரிங்க. அதுக்காகத்தான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நீங்களே போயி அந்த அட்டைகளப் பிரிச்செடுங்க. உங்க வேலையப் பத்தித் திரும்பி வந்து பேசிக்கலாம்” என்றார். எந்தப் பொருளில் சொன்னார் என்பதை நான் கேட்கவில்லை.

செங்கடல் வழியைத் தவிர்த்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவதால் நம் சரக்குக்கான கப்பல் தாமதமாகியிருக்கிறது. பெட்டிகள் இன்னும் துறைமுகத்திற்கு வெளியே உள்ள கிடங்கில்தான் இருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கான சுங்க அனுமதி இன்று பிற்பகல் கிடைத்தது.

நீ கேட்ட ஒன்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இவள் எப்படி இருக்கிறாள் என்று நான் ஒருநாளாவது பார்த்திருக்கலாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதங்களையும், அதற்கு முன் நீ போனில் சொல்லி நான் பாதியில் திருத்தியவற்றையும் நினைத்துப் பார்த்தேன். கடல் எப்படி இருக்கிறது என்று நீ ஒவ்வொரு முறையும் சொன்னாய். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று எழுதியிருக்கிறேன், அது கேள்வியன்று. இப்போது கேட்கிறேன். தினமும் இறந்துகொண்டிருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு நீ எப்படி இருக்கிறாய்? விரிப்பால் மூடிய இடங்களில் ஏதாவது பிழைத்ததா? பிழைக்கவில்லை என்றால், மறுநாள் காலையில் எப்படி மீண்டும் தண்ணீரில் இறங்குகிறாய்? இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

உன் வீட்டுக்கு நீ அழைக்காமல் வர மாட்டேன். படகில் ஏற்றிக்கொள் என்றும் கேட்க மாட்டேன். கேட்கும் தகுதியை நான் இன்னும் பெறவில்லை. நீ கிடங்கிற்கு வந்தாலும் வராவிட்டாலும் நான் செய்யப்போவது மாறாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான், மாரக்காள், நித்யஸ்ரீ மூவரும் வேனில் புறப்படுகிறோம். திங்கட்கிழமை காலை கிடங்கு திறக்கும்போது வாசலில் நிற்பேன். எல்லாப் பெட்டிகளையும் திறப்பேன். அவர்கள் இருவரும் மடித்துத் திரும்பப் பெட்டியில் வைப்பார்கள். அட்டைகளை நறுக்கும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். எத்தனை நாளானாலும், ஒவ்வொரு சட்டையையும் கையில் எடுத்துப் பார்த்து, உன் பெயரை நானே அகற்றுவேன்.

டேனியல்